முப்பத்தாறு படிகள்

மணி அடித்தபோது ஹனோரா மாடிப்படியின் கைப்பிடிக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். தாமிரச் சுரங்க ஆபீசிலிருந்து இந்த மாளிகைக்கு மட்டும் இழுத்த டெலிபோன் அது. கேட்டதை மாடியிலிருக்கும் சுரங்க முதலாளி ப்ரெண்டிஸ் துரையிடம் சொல்லி, அவர் பதிலைத் திரும்ப வந்து சொல்வது அவள் வேலை. டெலிபோனுக்காகத் துரை படியிறங்கியதே இல்லை.

“அறுநூறடி ஆழத்துல நெருப்பும்மா,” என்றான் மேஸ்திரி க்ரோகன். “ஒம்பது பேர் மேல வரல. சுரங்க வாயை அடைச்சா அணைஞ்சிரும். அடைக்கட்டுமான்னு கேட்டுச் சொல்லு.”

“யார் யாரு?”

“உன் புருஷன் டெக்லனும்தான். போய்க் கேளும்மா.”

துரையின் பதில் அவளுக்குத் தெரியும். போன வசந்தத்தில் இதே கேள்விக்குப் பேப்பரிலிருந்து தலை தூக்காமல் “அடை” என்றார். அவளும் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்து சொன்னாள். பத்து நாள் கழித்துத் திறந்தபோது நான்கு பேர் வாயை அடைத்த பலகைக்கு உள்பக்கம் கிடந்தார்கள், விரல்களில் நகமில்லாமல். அந்தத் தாமிரத்தில் எழும்பிய வீடுதான் இது. முப்பது அறை, கூரையெல்லாம் சித்திரம், அண்ணாந்தால் கழுத்து வலிக்கும். அந்த வார்த்தையைச் சுமந்து வந்த பாவி நான்தானே என்று அன்றிலிருந்து அவள் வெந்துகொண்டிருந்தாள்.

ரிசீவரைக் கம்பியோடு தொங்கவிட்டாள். மாடிக்கு முப்பத்தாறு படி. அவள் ஏறவில்லை. நின்ற இடத்திலேயே, க்ரோகனுக்குக் கேட்கும்படி ஷூக்காலைத் தரையில் தட்டி எண்ணினாள். காலடிச் சத்தத்திலேயே முப்பத்தாறு ஏறி, கதவையும் தட்டியதாக வைத்து, துரை யோசிக்கவும் நேரம் விட்டு, முப்பத்தாறு இறங்கினாள். நெருப்பு பரவி, மீட்கப் போகிறவர்களையும் தின்றால் அந்தப் பழியும் அவள் தலையில்தான். டெக்லன், டெக்லன் என்று மனசு அடித்துக்கொண்டது.

“அடைக்க வேணாமாம். காத்துக் குழாயில காதை வச்சுக் கேக்கணுமாம். உயிரோட இருந்தா தட்டுவாங்களாம்.”

“துரையா சொன்னாரு?”

“பின்னே நானா சொல்றேன்?”

அவன் வைத்துவிட்டான்.

மேலே கதவு திறந்தது. “யாரு, ஹனோரா?”

“கரிக்காரன், ஐயா.”

“கரிக்காரனுக்கு ஏது இந்த டெலிபோன்?”

வாய் தவறிவிட்டது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. துரை கைப்பிடியைப் பிடித்து இறங்க ஆரம்பித்தார். புது மெழுகில் கை வழுக்கியது, நிதானமாகத்தான் வந்தார். இந்தத் தடவை படிகளில் நிஜமாகவே ஒருவர் நடந்தார். அவள் எண்ணினாள். இருபதாவது படியில் மணி அடித்தது. குழாயில் தட்டல் கேட்டதா என்று அறிய, இரண்டு கையாலும் ரிசீவரைப் பற்றிக் காதோடு அழுத்திக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றாள். துரையின் கை ரிசீவருக்கு எட்ட இன்னும் பதினாறு படி இருந்தது.