காக்கிப் பட்டி

எங்கள் நைனா செஞ்சி போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தவரை, தினமும் காலையில் காலை நீட்டுவார். அம்மா முழங்காலுக்குக் கீழே காக்கிப் பட்டியைச் சுற்றிவிட்டு, "இறுக்கமா இருக்குதா?" என்பாள். "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்பார்.

ரிட்டையர் ஆனதும் உடுப்போடு பட்டியையும் ஒப்படைத்துவிட்டார். ஆனாலும் காப்பி குடித்ததும் கால் தானாக நீளும். "இன்னா, மலையனூர் அமாவாசைக்கு டூட்டியா?" என்று அம்மா எரிந்துவிழுவாள். அவர் அசடு வழிய மடக்கிக்கொள்வார்.

அறுபத்தேழாம் வருஷம் தை மாதம் இறந்துபோனார். பங்காளிகள் அவருடைய கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வந்தபோது, அம்மா துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தள்ளுங்கடா. அவரு காலுக்கு நான்தான் கட்டுவேன்."

கட்டி முடித்துவிட்டுக் குனிந்து கேட்டாள்: "இறுக்கமா இருக்குதா?"

அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.