பாதி விரலில் மோதிரம்

மோதிரம் பஹ்மிதாவின் விரலில் பாதிவரை ஏறி மூட்டில் நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளையின் உம்மா மைமூனா அந்த விரலையும் விடவில்லை, டீவியிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. டீவியில் ஆம்பிளைபோலக் காலுக்குக் களுசான் போட்ட ஒரு பெண் லொறி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி றுஸ்தாவின் வேர்த்த கையில் ஃபோன் வழுக்கியது. "ஆக்கள் வந்திரிக்கக்குள்ள பறக்கத்தா ஒரு கிறாஅத் போடு மகள்" என்று, ஃபோனிலிருந்து குர்ஆன் ஓதலை டீவியில் போடத்தான் அவளுடைய உம்மா சொல்லியிருந்தார். அவசரத்தில் இவள் அழுத்த, நேற்றுப் பாதியில் விட்ட கறுப்பு வெள்ளைப் படம் டீவியில் ஏறிவிட்டது. நிறுத்தப்போனால் சத்தம்தான் கூடுகிறது. ரிமோட்டோ மைமூனா மாமிக்கு அடியில். எழும்புங்க மாமி என்று யார் சொல்வது?

ராத்தா பஹ்மிதா மோட்டார் சைக்கிள் ஓடுகிறாள் என்று கேள்விப்பட்டே முன்பு வந்த சம்பந்தங்கள் திரும்பிப் போயின. இன்றைக்கு அந்தச் சைக்கிள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் படங்கு மூடிக் கிடந்தது.

"வயரப் பிடுங்குடி!" உம்மா பல்லைக் கடித்தார்.

றுஸ்தா குனிந்தாள்.

"தொட்டா கை முறியும்," என்றார் மைமூனா. "அவள் ஏத்தத்தில போறாள். ஏறிட்டுப் போகட்டும்."

லொறி ஏறியது. மைமூனா மூச்சு விட்டார்.

"நீயும் என்னமும் ஓடுவியா மகள்?"

"தையல் மெசின்," என்றார் உம்மா முந்திக்கொண்டு. "அதுவும் மெதுவாத்தான்."

படத்தில் அந்தப் பெண், தன்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளையைத் தேத்தண்ணி போட்டு வரச் சொன்னாள். அவன் தட்டோடு தடுக்கி விழுந்தான்.

"உம்மா, நம்முட றிம்சான் மாதிரியே விழுறான்!" கூட வந்திருந்த, மாப்பிள்ளை றிம்சானின் ராத்தா சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"றிம்சானுக்குத் தண்ணி கொதிக்கிறதெண்டாலும் விளங்குமாடி?" என்றார் மைமூனா.

வெளி விறாந்தையிலிருந்து வாப்பா கேட்டார். "என்ன, உள்ளுக்கு முடிஞ்சா?"

"இரிங்க காக்கா," என்றார் மைமூனா. "புள்ளட கலியாணம் இன்னும் வரல்ல."

"எந்தப் புள்ளட?"

டீவியில் கலியாணம் வந்துவிட்டது. அதே களுசானோடு மணவறையில் நின்றவளிடம், சம்மதமா என்று கேட்டார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

டீவி கறுத்தது. யாரோ கடைசித் துண்டு இல்லாமலே படத்தை நெட்டில் ஏற்றியிருந்தார்கள்.

"என்ன சொன்னாள்?" மைமூனா றுஸ்தாவைப் பார்த்தார்.

"தெரியா மாமி. அவ்வளவுதான் இரிக்கி."

"தெரியாமலா போட்டாய்? அவள் ஓம் எண்டா இத உள்ளுக்குத் தள்ளுவன். இல்ல எண்டா கழட்டிட்டுப் போவன். சொல்லு."

மாமியின் முதுகுக்குப் பின்னால் உம்மாவின் தலை 'ஓம், ஓம்' என்று ஆடிற்று. றுஸ்தா சொல்லத்தான் போனாள். அதற்குள், மோதிரம் ஏறும்போதுகூட நிமிராத ராத்தா பஹ்மிதா நிமிர்ந்து உம்மாவின் தலையாட்டலைப் பார்த்தாள்.

"பொய் சொல்லாமச் சொல்லு றுஸ்தா. அவ என்ன சொன்னா?"