குடிக்க உகந்ததல்ல

எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் குடிப்பவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குக் கேன் தண்ணீர். நகரக் குடிநீர் ஆய்வகத்தில் அந்தக் குழாய்த் தண்ணீரைத் தினமும் சோதித்து, 'குடிக்க உகந்தது' என்று கையெழுத்துப் போடுகிறவளும் நான்தான். பெற்ற அப்பாவே நம்பாவிட்டால் வேறு எவன் நம்புவான்?

சாயங்காலமானால் சித்தப்பா வந்துவிடுவார். அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து நாட்டுக்கு இரங்கல் கூட்டம் நடத்துவார்கள்.

"இந்த நாடு உருப்படவே உருப்படாதும்மா. உன் சிநேகிதிங்க மாதிரி நீயும் எங்கயாவது கிளம்பிடு," என்பார் சித்தப்பா.

"உருப்படும் சித்தப்பா."

"எதை வச்சு சொல்றே?"

என்னிடம் இருந்தது என் ரிப்போர்ட் ஒன்றுதான். அப்பா அதையும் தள்ளிவிடுவார். "முப்பது வருஷம் தொழிற்சாலை இன்ஸ்பெக்டரா இருந்தவன் நான். 'திருப்தி'ன்னு முடியாத ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்ததில்லை. நானும் அப்படி எழுதினவன்தான்." நான் எழுந்துபோய்க் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் குடிப்பேன். சிநேகிதிகள் எல்லாரும் விமானம் ஏறிவிட்டார்கள். மனசுவிட்டுப் பேசவும் ஆளில்லை.

தண்ணீரை ஊதா நிற மருந்தில் கலந்து வைப்போம். கிருமி இருந்தால் மஞ்சளாகிவிடும். போன வாரம் எங்கள் தெருவில் பிடித்த பாட்டில் பளிச்சென்று மஞ்சளாக நின்றது.

மேலாளர் பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்போதைக்கு நல்லதுன்னே போட்டுடும்மா. சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம்."

'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதினேன். எங்கள் குடியிருப்பின் வாசலில் நோட்டீஸ் ஒட்டியவளும் நானே.

நாலு நாள் தெருவுக்கே தண்ணீர் இல்லை. மேல்வீட்டு அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது, "பேசாம இருந்திருக்கலாம்ல?" என்றார். மேலாளர் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. மதியம் என் மேசைப் பக்கம் ஒருவரும் சாப்பாட்டு டப்பாவோடு வரவில்லை. சித்தப்பாவோ, "நான் அப்பவே சொல்லலை?" என்று கிட்டத்தட்ட சந்தோஷப்பட்டார். அப்பா என்னைப் பார்க்காமல் கேன்காரருக்குப் போன் போட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. குளியலறைக்குள் போய் அழுதேன். முகம் கழுவக் குழாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. இந்த நாட்டை நம்பிக்கொண்டிருப்பவள் நான் மட்டும்தானோ என்று பயமாக இருந்தது. அன்றைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தெருமுனையில் சாக்கடையை ஒட்டி வெடித்திருந்த குழாயைத் தோண்டி மாற்றினார்கள். மறுபடியும் தண்ணீர் பிடித்துச் சோதித்தேன். ஊதா ஊதாவாகவே இருந்தது. 'உகந்தது' என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கூடத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சமையலறையில் ஒரு டம்ளர் பிடித்து, வழக்கம்போலத் தனியாகக் குடித்தேன்.

"இன்னிக்கு நல்லதுன்னு எழுதிட்டாளாம். நம்பிடாதீங்கண்ணே," என்றது சித்தப்பாவின் குரல்.

"போன வாரம் மோசம்னு எழுதினவளோட கையெழுத்துடா அது," என்றார் அப்பா.

சித்தப்பா போன பிறகு அப்பா கையில் மாத்திரையோடு சமையலறைக்கு வந்தார். மூலையில் புதுக் கேன் மூடி பிரிக்காமல் இருந்தது. அதைத் தாண்டிப்போய்க் குழாயைத் திறந்தார். அரை டம்ளர் பிடித்து, முகர்ந்து பார்த்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

"மாத்திரைக்குத்தான். நாடு உருப்படும்னு நான் சொல்லலை."

"சரிப்பா," என்றேன்.

கழுவுவதற்காக டம்ளரை வாங்கினேன். உள்ளே ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.