அரைமணி நேரச் சோதனை

ரேடியோவின் நான்கு கண்ணாடி வால்வுகளிலும் உள்ளே இழை அறுந்திருந்தது. அர்த்தனாரி ஒவ்வொன்றாகக் கழற்றி, சாவடி வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். ஊருக்கெல்லாம் பொதுவான இந்த ரேடியோவில் போன வருஷமும் இதே நான்கும் ஒன்றாகப் போயிருந்தன. அவன் ரேடியோ இலாகா மெக்கானிக். அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பேட்டரிச் சுமையோடு மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுக்கு ஏறி வருவதற்குள் முழங்கால் கழன்றுவிடும். ஏறியவனுக்கு இறங்குகிற நினைப்புத்தான் பெரிதாக இருக்கும். போன வருஷம் அதுதான் கெடுத்தது.

அன்றைக்கு மேகம் திரண்டு நின்றது. ஒரு வால்வு போனால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடலாம். நான்கும் சேர்ந்து போனால், ஒன்றரை வோல்ட் போகவேண்டிய இடத்தில் தொண்ணூறு வோல்ட் பாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்று, யாராவது பேட்டரிக் கம்பியை மாற்றிச் செருகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே ஒரு கம்பி இன்னொன்றைத் தொட்டிருக்க வேண்டும். இரண்டாவதைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் மீட்டரும் கையுமாக உட்கார வேண்டும். முதலாவதைச் சொல்ல வாய் போதும். அர்த்தனாரி வாயை நம்பினான். "ஆரோ மாத்திச் சொருகியிருக்காங்க" என்று ஊர் நடுவே சொல்லிவிட்டு, புது வால்வுகளைப் போட்டுப் பாட வைத்தான். அப்போது பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சின்னையன். "நான் தொடவே இல்லீங்க சாமி" என்று அவன் இரண்டு தடவை சொன்னது, மூட்டை கட்டுகிற அவசரத்தில் மெக்கானிக்கின் காதில் ஏறவில்லை.

இன்று காலை வந்ததும் வராததுமாக ஊர்க்கவுண்டர் வேலப்பன் அந்தப் பேச்சைத்தான் எடுத்திருந்தார்.

"நீங்க சொன்னது நெசமாப் போச்சுங்க. முதல்ல இல்லவே இல்லைன்னான். ஊரு ஒதுக்கி வெச்சதும் கோயில் முன்னால கற்பூரம் ஏத்தி, நாந்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டான். அதுலருந்து பொட்டிச் சாவி என்ர இடுப்புலதானுங்க. உள்ள ஒரு கை போனதில்லை."

அதைக் கேட்டபோது அர்த்தனாரிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது கையில் நான்கு செத்த வால்வுகள். ஒரு கையும் உள்ளே போகவில்லை என்றால், இவற்றைக் கொன்றது யார்?

பேட்டரியைக் கழற்றி வைத்தான். பெட்டியைக் கவிழ்த்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான். கடைசியில் தொண்ணூறு வோல்ட் போகும் சிவப்புக் கம்பியைத் தொட்டதும் மீட்டர் முள் துள்ளியது. அதுவும் வால்வுக்குப் போகும் மஞ்சள் கம்பியும் ஒரே துளை வழியாகப் போய், உரசி உரசி மேலுறை தேய்ந்திருந்தது. முதல் வருஷம் அந்தச் சிவப்புக் கம்பியைப் பற்றவைத்தவன் அவன்தான். தனித்துளையில் கொண்டுபோக இன்னும் ஒரு சாண் கம்பி வேண்டும், சோம்பல் பட்டு இதிலேயே நுழைத்துவிட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது எவ்வளவு சரி! அவனுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

மரவள்ளிக் காட்டில் சின்னையன் களை கொத்திக்கொண்டிருந்தான். அர்த்தனாரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

"தப்பு என்னுதுங்க. இன்னிக்கே ஊரு முன்னால சொல்லிப்போடறேன்."

சின்னையன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது பயம்.

"ஐயோ, வேண்டாஞ் சாமி! எம் மக மாரி கல்யாணத்துக்கு ஒரு சனம் வாரதில்லைன்னு நின்னுச்சுங்க. புள்ள கல்யாணம் நிக்கக் கூடாதேன்னு செய்யாதத ஒத்துக்கிட்டேன். இப்ப நீங்க வந்து நான் செய்யலைன்னு சொன்னா, கற்பூரத்து முன்னால பொய் சொன்னவனாயிருவேன். ரேடியோவக் கெடுத்தவன ஊரு சேத்துக்கிருச்சு. சாமிகிட்டப் பொய் சொன்னவனச் சேக்குமுங்களா? மாரி வேற மாசமா இருக்கறா."

உண்மையைச் சொல்லவும் ஒரு காலம் இருந்தது. அந்த அரைமணி நேரம் போன வருஷமே போய்விட்டது.

சாயங்காலம் ரேடியோ பாடியது. ஊர் சிரித்தது. "இப்ப என்னதாங்க ஆச்சு?" என்று வேலப்பன் கேட்டார்.

"உள்ள கம்பி உரசிருச்சுங்க. என் கைவேலைதான்."

"அப்ப, போன வருஷமும்?"

சிரிப்பு நின்றது. கூட்டத்தைவிட்டுத் தள்ளி, வேலியோரம் நின்றிருந்த சின்னையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி குப்பாயி மட்டும் மெக்கானிக்கின் வாயையே பார்த்தாள்.

"போன வருஷம் வேறங்க" என்றான் அர்த்தனாரி. ஒரே மனிதனை இரண்டாம் தடவையும் குற்றவாளியாக்கியது அவனுக்குத் தெரிந்தது. குப்பாயி எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை, தீர்ந்துபோன பேட்டரியை எடுத்துப்போக ஆள் தேடியபோது, சின்னையன் தானே வந்து தலையில் ஏற்றிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "எம் மானத்தக் காப்பாத்துனீங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அதைச் சொன்னதற்குப் பதில் அவன் தன்னை ரெண்டு அறை விட்டிருக்கலாம் என்றிருந்தது அர்த்தனாரிக்கு.

செங்குத்தான இறக்கத்தில் சின்னையன் நின்றான். ஒரு கையால் தலைச்சுமையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைப் பின்னால் நீட்டினான்.

"இந்தக் கல்லு வழுக்கும். கையப் புடிச்சுக்கங்க சாமி."