எருமை வாங்கப் போனவர்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. தறிப்பட்டறைகளுக்கு உதிரிச் சாமான் விற்கும் என் நண்பர் யூனுஸ், போத்தனூர் ரயில்வே கேட் மூடியிருந்தபோது சொன்னது. "வெள்ளகோயில்ல ஒருத்தரு எருமை வாங்க வந்தாருங்க. பாலீஷ் போட்ட ஷூவோட." அதற்குள் கேட் திறந்துவிட்டது, அவர் ஸ்கூட்டரில் போய்விட்டார். மீதியை நான்தான் கட்ட வேண்டியிருந்தது.

அதில் ஒரு சிக்கல். வெள்ளகோவிலில் நான் இறங்கியதே இல்லை. கரூர் போகும்போதெல்லாம் காங்கேயத்தில் கண் சொருகி, வெள்ளகோவில் தாண்டிய பிறகுதான் விழிப்பேன். போய்ப் பார்த்துவிட்டு எழுதலாமே என்பீர்கள். போய்ப் பார்த்து எழுதுகிறவர்கள் வேறு ரகம். நான் விசாரித்து எழுதுகிற ரகம். ஆகவே யூனுஸிடமே விசாரித்தேன்.

"அந்த டீக்கடை பஸ் ஸ்டாண்டுக்குக் கெழக்காலங்களா?"

"கெழக்கதானுங்க."

"மேக்கன்னு ஒருத்தர் சொன்னாருங்களே."

"மேக்கன்னும் சொல்லலாமுங்க."

வழி கேட்டு வந்தவரிடம் 'தெரியாது' என்பது எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவரிடம் தண்ணீர் இல்லை என்பதற்குச் சமம். எனவே இந்தக் கதையில் டீக்கடைக்குத் திசை கிடையாது. கோவையில் எந்த நிலையத்திலிருந்து கரூர் பஸ் புறப்படும் என்பதற்கும் மூன்று பேர் மூன்று பதில் தந்தார்கள். பஸ்ஸைப் பல்லடத்திலிருந்தே ஓட்டுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: வெள்ளகோவிலின் மேல் வெயில் ஒரு

(ஒரு என்னவாக இருந்தது என்று தெரியவில்லை. நிறுத்திவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: 1994ஆம் ஆண்டு தை மாதம், பம்ப்செட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்த மோகன்குமார் என்பவர்

("கெஜட்டாப்பா இது?" என்று என் மகள் சண்முகப்பிரியா கேட்டாள். பிளஸ் டூ படிக்கிறாள். என் கதைகளைப் படிக்கும் ஒரே ஆள் என்பதால் அவளைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது.)

சரி, நேராகவே சொல்கிறேன். பல்லடம் தாண்டி ஓடும் பஸ்ஸில், ஜன்னலோரம், பாலீஷ் போட்ட ஷூவோடு மோகன்குமார் உட்கார்ந்திருக்கிறார். தங்கை புவனாவுக்கு வெள்ளகோவிலில் ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் குழந்தைவேல், சொந்தத் தறிப்பட்டறை, ஜாதகமும் பொருந்திவிட்டது. பாக்கி இருப்பது விசாரிப்பு. பெண் வீட்டார் ஒருவர் சத்தமில்லாமல் பையனின் ஊருக்குப் போய், வேறு ஏதோ சோலியாக வந்தவர்போல நாலு பேரிடம் பேச்சுக்கொடுத்து வருவதுதான் முறை. நேராகக் கேட்டால் சம்பந்தி வீட்டாருக்கு மரியாதைக் குறைவு.

கிளம்பும்போது புவனா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சொத்து, வசதியெல்லாம் வேண்டாண்ணா. கோவம் வந்தா கை நீட்டுவாரான்னு மட்டும் தெரிஞ்சுட்டு வா."

அவள் கேட்டதற்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மூத்த தங்கை தனலட்சுமிக்கும் இப்படித்தான் விசாரித்தார்கள். ஊரே "தங்கமான பையனுங்க" என்றது. வருஷம் திரும்பும் முன்பே தனலட்சுமி திரும்பி வந்துவிட்டாள். அவளோடு பேச வேண்டுமென்றால் இப்போது வலப்பக்கம் போய் நிற்க வேண்டும். இடது காது கேட்காது.

(இந்த இடத்தில் ஒரு சிரிப்பு வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

3

"அந்தப் பொண்ணே நேர்ல போய்ப் பையனைக் கேட்டா என்னப்பா?" என்றாள் சண்முகப்பிரியா.

"கேட்டா கதை ரெண்டு பக்கத்துல முடிஞ்சு போயிருமே கண்ணு."

"முடியட்டுமே. நல்லதுதானே."

எழுத்தாளனின் பிழைப்பில் மண்ணைப் போடுவதற்கு வெளி ஆள் தேவையில்லை. வீட்டிலேயே வளர்கிறது.

4

மோகன்குமார் இறங்கினார். திசையில்லாத டீக்கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் பெயர் கந்தப்பன் என்று வைத்துக்கொள்வோம்.

"ஏனுங்க, வெளியூருங்களா? யாரூட்டுக்குங்க?"

"யாரூட்டுக்கும் இல்லீங்க. எருமை வாங்கலாம்னு வந்தனுங்க."

"எத்தனாவது ஈத்து பாக்கறீங்க?"

எருமை எத்தனை முறை கன்று போட்டிருக்க வேண்டும் என்பது கேள்வி. ஸ்டோரில் போல்ட், நட்டுக்களை எண்ணிப் பழகிய மோகன்குமாருக்கு இது புரியவில்லை.

"நல்ல ஈத்தா இருந்தாப் போதுமுங்க."

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை இறக்கி ஷூவைப் பார்த்தார். கந்தப்பன் டீயை ஒரு தரம் கூடுதலாக ஆற்றினார். ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஊருக்குப் புரிந்துவிட்டது என்பது மோகன்குமாருக்கு மட்டும் புரியவில்லை. அவர் எருமையிலிருந்து தறிக்கும், தறியிலிருந்து குழந்தைவேலுக்கும் நழுவி வந்தார். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே உள்ளூரப் பெருமை.

"தங்கமான பையனுங்க" என்றார் கந்தப்பன்.

"தங்கமுங்க" என்றார் பேப்பர்க்காரர்.

வாழைப்பழம் வாங்க வந்த ஓர் அம்மாள், யாரும் கேட்காமலே, "அந்தப் பையன மாதிரி தேடுனாலும் கெடைக்காதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவத்தைக் கட்டிக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். மரியாதைக்காரர்கள். அந்த மரியாதையில்தான் தனலட்சுமியின் காது போனது.*

* இந்த வரி எனக்கே கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிகிறது. ஆனால் அடிக்க மனம் வரவில்லை.

5

தனலட்சுமிக்கு விசாரித்தபோதும் ஊர் 'தங்கம்' என்றுதான் சொன்னது. அதே சொல். டீ கிளாஸைக் கீழே வைத்தார். எருமையை விட்டுவிட்டார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறனுங்க. உங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா, குழந்தைவேலுக்குக் குடுப்பீங்களா?"

கந்தப்பன் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். பேப்பர்க்காரர் பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

"எனக்குப் பொண்ணு இல்லீங்க" என்றார் கந்தப்பன்.

அப்போது ஒரு பள்ளிக்கூடப் பெண், கையில் தூக்குப் போசியுடன் கடைக்குள் வந்து, "அப்பா, அம்மா பால் குடுத்துட்டு வரச் சொல்லுச்சு" என்றாள். கந்தப்பன் போசியை வாங்கிக்கொண்டார். மோகன்குமாரைப் பார்க்கவில்லை.

6

உண்மையைச் சொன்னால், முதல் வரைவில் அந்தப் பெண் வரவில்லை. கந்தப்பன் பெண் இல்லை என்றார், மோகன்குமார் பஸ் ஏறினார். சப்பென்று இருந்தது. ஆகவே பெண்ணை வரவழைத்தேன். வரவழைத்த பிறகு தூக்கம் போய்விட்டது.

கந்தப்பனுக்கு என்ன தெரியும்? குழந்தைவேலைப் பற்றி ஏதோ தெரிந்து, சொல்லவும் மாட்டாமல், கூசாமல் 'குடுப்பேன்' என்று தலையாட்டவும் மாட்டாமல் பெண் இல்லை என்றாரா? அல்லது பயந்துவிட்டாரா? எருமை வாங்க வந்தேன் என்று புளுகிய ஆள், பாலீஷ் ஷூ போட்டுக்கொண்டு, உனக்குப் பெண் இருக்கிறதா என்று கேட்டால், நானாக இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வேன். அந்த ஊருக்கு வந்தவர்களில் நம்பத் தகாத ஒரே ஆள் நம் கதாநாயகர்தான்.

யூனுஸைக் கேட்டேன். "அந்தக் கடைக்காரர் நெசமாலும் என்ன நெனச்சுச் சொல்லியிருப்பாருங்க?"

"நீங்க நெனைக்கறதுதானுங்க" என்றார்.

நான் இன்னும் எதையும் நினைக்கவில்லை.

7

முடிவு, ஒன்று: மோகன்குமார் வீட்டுக்கு வந்து "தங்கமான பையன் அம்மணி" என்கிறார். கல்யாணம் நடக்கிறது. அடுத்த தைக்குள் புவனா

(இல்லை. இதை எழுத மாட்டேன்.)

முடிவு, இரண்டு: "வேண்டாம்" என்கிறார். குழந்தைவேலுக்கு வேறிடத்தில் பெண் அமைகிறது. ஒரு நாள் பல்லடம் பஸ் ஸ்டாண்டில், மனைவிக்கு மழை படாமல் குடையைச் சாய்த்துப் பிடித்து, தான் முழுக்க நனைந்து நிற்கும் ஒருவனைப் புவனா பார்க்கிறாள். அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இரண்டுமே நடக்கக்கூடியவைதான். அதுதான் கொடுமை.

மூன்று. மோகன்குமார் ஷூவைக் கழற்றுகிறார். புவனா தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறாள். தனலட்சுமி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, வலது காது அண்ணன் பக்கம் வரும்படித் திரும்பி உட்கார்கிறாள். டீக்கடையில் நடந்ததை எல்லாம் மோகன்குமார் ஒன்றுவிடாமல் சொல்கிறார். எருமையைக்கூட விடவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

புவனா கேட்டாள். "உனக்கு ஒரு பொண்ணு இருந்தா குடுப்பியாண்ணா?"

மோகன்குமாருக்கு ஒரு பையன்தான், ஒண்ணாவது படிக்கிறான். அவர் வாயைத் திறந்தார். எனக்குப் பொண்ணு இல்லையே அம்மணி என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது உண்மையும்கூட. தனலட்சுமியின் காதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு, புவனாவை விட்டுவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் உங்களைப் பார்க்கிறேன். டீக்கடையில் நீங்களும்தான் இருந்தீர்கள். நான் கேட்டதைத்தான் நீங்களும் கேட்டீர்கள். சொம்பைப் பிடித்தபடி அந்தப் பெண் நிற்கிறாள், கை வலிக்கும், சீக்கிரம் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டுப் பயனில்லை. எனக்குப் பொண்ணு இல்லீங்க.

உள்ளே யாரோ "அப்பா, காபி ஆறுது" என்று கூப்பிடுகிறார்கள். பக்கத்து வீடாக இருக்கும்.