உரிமையாளர் முகம்

என் எம்ப்ராய்டரி மிஷினை விற்று, கடைச் சாவியையும் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலையில், வாங்கியவர் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, மிஷின் உங்கள கேக்குது!"

இரண்டு தெரு தள்ளி பட்டன் கடை வைத்திருப்பவர் அவர். எதையும் வேடிக்கையாகவே பேசுவார் என்பதால் சிரித்தேன். என் தோள்பட்டை போய்விட்டது. இனி அந்த வேலையே வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியூரில் தனியாக இருக்கும் என் அக்கா, ஜன்னலோரக் கட்டிலை எனக்காக ஒழித்து வைத்திருந்தாள். மூட்டை முடிச்செல்லாம் கட்டியாகிவிட்டது. அன்று மாலை பஸ்.

போய்ப் பார்த்தேன். மிஷினின் சின்னத் திரையில் 'உரிமையாளர் முகம் காட்டவும்' என்றிருந்தது. தினமும் காலையில் கேட்கும், நானும் காட்டுவேன். பல் தேய்ப்பதைப் போல அது பழகிவிட்டதால், விற்கும்போது நினைப்பே வரவில்லை. என் புத்தியை எதால் அடிப்பது!

பட்டன்காரர் முதலில் தன் முகத்தைக் காட்டினாராம். பிறகு போனில் இருந்த என் போட்டோவைக் காட்டினாராம். 'கண் சிமிட்டவும்' என்றதாம் மிஷின்.

"போட்டோ எப்படிக்கா சிமிட்டும்?"

நான் போய் நின்று கண் சிமிட்டினேன். 'வணக்கம், உரிமையாளரே' என்று ஓடத் தொடங்கியது. கம்பெனிக்குப் போன் போட்டேன். தேன் குரலில் ஒரு பெண் பேசினாள்.

"மிஷின் உங்களோடதுதான் மேடம். ஆனா உள்ள இருக்கற சாஃப்ட்வேர் எங்களோடது. நீங்க பயன்படுத்திக்க அனுமதி மட்டும்தான் குடுத்திருக்கோம். அத வேற யாருக்கும் மாத்த முடியாது."

"அப்போ நான் மிஷின விக்கக் கூடாதா?"

"தாராளமா விக்கலாம் மேடம். ஓடாது."

"சரி, வாங்கினவருக்குப் புதுசா ஒரு அனுமதி குடுங்க."

"அந்த மாடலுக்கு இப்போ புது அனுமதி தர்றதில்ல மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை அந்த மிஷின் மேலேயே எறிந்திருப்பேன்.

இதை வாங்கிய நாளில் கூட வந்தவன் என் தம்பி. "என் முகத்தப் பதிஞ்சுக்கலாம்க்கா. நீ எதுக்கு இதோடல்லாம் மல்லுக்கட்டற?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. முதுகொடியத் தைத்து வாங்கிய மிஷினுக்கு இவன் முகமா? கடைக்காரன் எதிரிலேயே சண்டை போட்டு, தலையைச் சீவிக்கொண்டு, என் முகத்தைப் பதிய வைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

"திருப்பி எடுத்துக்கோங்கன்னு சொல்லலாம்தான்," என்றார் பட்டன்காரர். "எங்க வெச்சுப்பீங்க? கடையத்தான் விட்டுட்டீங்களே. நானும் ஸ்கூல் சட்டைக்கெல்லாம் பேர் போட்டுத் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். காலைல ஒரு நிமிஷம் வந்து முகம் காட்டிட்டுப் போங்க. நான் வேற மிஷின் வாங்கற வரைக்கும்தான்."

"எப்போ வாங்குவீங்க?"

"இது நல்லாத்தானேக்கா ஓடுது."

அவர் கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதல் கஷ்டம். ஒரு திட்டுக்கூட வாயில் வரவில்லை.

அக்காவிடம் போனில் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "அது என்னிக்குடி உன்ன விடும்?" என்று கேட்டாள்.

"அது கெட்டுப் போகணும்க்கா."

"கெட்டுப் போகுமா?"

"நான்தான் அத அவ்ளோ நல்லா வெச்சிருந்தேனே."

கட்டிலில் மறுபடியும் துணி மடித்துப் போட்டுக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று மாலை பஸ்ஸில் நான் ஏறவில்லை.

மாதங்கள் ஓடுகின்றன. கட்டிய மூட்டையிலிருந்து ஒவ்வொரு புடவையாக உருவிக் கட்டிக்கொள்கிறேன். காய்ச்சலென்றாலும் காலையில் எழுந்து, தலை சீவி, பட்டன் கடைக்குப் போகிறேன். ஒருநாள் தலை சீவாமல் போனேன், அது என்னைத் தெரியாது என்றது.

இன்றும் போனேன். குனிந்து கண் சிமிட்டினேன்.

'வணக்கம், உரிமையாளரே' என்றது மிஷின்.

"கொஞ்சம் நகருங்கக்கா," என்றார் பட்டன்காரர். "வேலையிருக்கு."