தண்ணீருக்குள் ஒரு ஸ்மாஷ்

குடுஸ் ஊர் பேட்மிண்டன் கொட்டகையில் விர்யோனோவின் ஸ்மாஷ் என்றால் ஒரு காலத்தில் எல்லோருக்கும் கிலி. அவர் எம்பினால் எதிரே நிற்பவன் கண்ணை மூடிக்கொள்வான். அறுபதைத் தாண்டிய பிறகும் எம்பினார். அப்படி எம்பி இறங்கிய ஒரு சாயங்காலம் வலது கால் மூட்டில் சவ்வு கிழிந்தது. விழுந்த வேகத்தில் இடது தோளும் நழுவியது.

அதற்கப்புறம் அவருடைய ஆட்டமெல்லாம் வாயோடு சரி. ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, டெம்பே என்கிற சோயாக் கட்டியில் போட்ட பஜ்ஜியைக் கடித்தபடி, ஆடுகிறவர்களை வைதுகொண்டிருப்பார். தொப்பை வளர்ந்து மடிக்கு வந்தது. ஒருநாள் அந்த பிளாஸ்டிக் நாற்காலி நாலு காலையும் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டது.

"யோவ், அது நாற்காலிய்யா! யானை கட்டுற எடம் இல்ல!" என்று கத்தினார் பழைய ஜோடி ஆட்டக்காரர் கஸ்மின்.

கொட்டகையே சிரித்தது. விர்யோனோவும் சிரித்தார். ஆனால் அவரைத் தூக்கி நிறுத்த இரண்டு ஆள் தேவைப்பட்டது. அதுதான் உறைத்தது.

"மூட்டு மேல இருக்கற பாரத்த மொதல்ல எறக்குங்க," என்றார் மறுநாள் அவர் போய்ப் பார்த்த டாக்டரம்மா. "பஜ்ஜிய விடுங்க. ஓட வேணாம், குதிக்க வேணாம். தண்ணியில நடங்க."

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"நீந்தவா சொன்னேன்? நடக்கத்தான சொன்னேன்."

நீச்சல்குளத்தில் காலையில் நடக்கும் தண்ணீர்ப் பயிற்சி வகுப்பு எல்லோருக்கும் பொதுதான். ஆனால் வந்திருந்த அத்தனை பேரும் பெண்கள். முக்காடும் முழுக்கை நீச்சலுடையுமாக, நெஞ்சளவு தண்ணீரில் நின்று கதையளந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி துத்திக் அக்கா. எழுபது வயது, இடுப்பில் இரும்புக் கம்பி.

"வாங்க தம்பி, வாங்க! எறங்கும்போது மெதுவா. தண்ணி வெளிய போயிடப் போவுது!"

விர்யோனோவுக்குக் காது சிவந்தது. கம்பி வைத்த கிழவியிடமா தோற்பது என்று வேகமாக நடந்தார். குளத்தைக் குறுக்கே கடப்பதற்குள் மூச்சு இரைத்தது. துத்திக் அக்கா பேசிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனார்.

மறுநாளும் போனார். வீம்புதான். சில வாரம் கழித்து, ஆளுக்கொரு பக்கம் கையை வீசிக்கொண்டிருந்தபோது, பழக்க தோஷத்தில் அவர் கால் எம்பிவிட்டது. செத்தோம் என்று பல்லைக் கடித்தார். தண்ணீர் அவரை ஏந்திப் பிடித்து, பூப்போலக் கீழே இறக்கியது. மூட்டு முனகவே இல்லை. இன்னொரு தடவை எம்பினார். வலது கையை ஓங்கி ஒரு அறை! தண்ணீர் நாலு பேர் முகத்தில் தெறித்தது.

"என்ன கூத்து இது?" என்றார் துத்திக் அக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"ஸ்மாஷ்க்கா! ஸ்மாஷ்!" குழந்தை மாதிரி கத்தினார் விர்யோனோ.

"அப்ப எங்களுக்கும் சொல்லிக்குடு."

அன்றிலிருந்து வகுப்பின் கடைசியில் குளமே அமளிதுமளிப்பட்டது.

வீட்டில் மனைவி சுமியாத்திக்குத்தான் சந்தேகம். "பஜ்ஜி கேக்கறதில்ல. விசில் அடிச்சுக்கிட்டே கெளம்புறீங்க. அப்படி யாருங்க அங்க?" என்று ஒருநாள் பின்னாலேயே வந்துவிட்டாள். கரையில் நின்று முறைத்தவளைத் துத்திக் அக்கா கையைப் பிடித்து உள்ளே இறக்கினார். நனைந்த முக்காட்டோடு சுமியாத்தி அடித்த முதல் அறை நேராகப் புருஷன் மூஞ்சியில் விழுந்தது. அதற்கப்புறம் இருவரும் சேர்ந்தே போனார்கள். அவள் சாதத்தைக் குறைத்துக் கீரையைக் கூட்டினாள். அவருடைய கால்சட்டைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

மழைக்காலம் முடிந்ததும் டாக்டரம்மா தலையாட்டினார். "ஆடலாம். ஆனா கால் தரையிலேயே இருக்கணும்."

கொட்டகையில் கஸ்மினுக்கும் அவர் ஜோடிக்கும் எதிராக, சுமியாத்தியை ஜோடி சேர்த்துக்கொண்டு ஆடினார். வலையோரம் நின்று தட்டித் தட்டியே புள்ளிகளைப் பொறுக்கினார். கடைசிப் புள்ளியில் கஸ்மின் வேண்டுமென்றே பந்தை உயரத் தூக்கிக் கொடுத்தார். அடி என்று அழைப்பது போல அது இறங்கி வந்தது. கால் துறுதுறுத்தது. விர்யோனோ தரையில் நின்றபடியே மெல்லத் தட்டினார். பந்து வலையில் பட்டு இந்தப் பக்கமே விழுந்தது.

"எம்பியிருந்தா ஜெயிச்சிருப்பியே!" என்றார் கஸ்மின்.

"எம்பறதெல்லாம் காலையில குளத்துல வச்சுக்கறேன்," என்றார் விர்யோனோ. "நீயும் வா. துத்திக் அக்கா ஜோடிக்கு ஆள் தேடிக்கிட்டிருக்காங்க."